சரிவான மனைக்கு ரெடிமேட் பிளான் பொருந்துமா? எக்செல்லில் ஒரு மண் கணக்கு

இன்டர்நெட்டில் வீட்டு பிளான்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மனை அளவைக் கொடுத்தால் போதும். ஹால், கிச்சன், பெட்ரூம் எல்லாம் வரைந்த படம் வந்துவிடும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மனை சமதளமாக இருக்கும் என்று எண்ணி வரையப்பட்டவை. கோத்தகிரியில் இருக்கும் என் சித்தப்பா அப்படி ஒரு 30-க்கு 40 அடி பிளானை அனுப்பி, "இதையே கட்டிடலாமாப்பா, பார்த்துச் சொல்லு" என்றார். அவருடைய மனை ரோட்டிலிருந்து பின்பக்கம் போகப் போக இறங்குகிறது. நான் சாஃப்ட்வேர் ஆள், சிவில் இன்ஜினியர் அல்ல. ஆனாலும் இன்ஜினியரைப் பார்க்கும் முன் ஒரு கணக்கை நாமே போட்டுவிடலாம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்துங்கள்.

முதலில் அளவு. வீடு வரும் இடத்தை 10-க்கு 10 அடி கட்டங்களாகப் பிரியுங்கள். 30-க்கு 40 என்றால் 12 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும், மனையின் மிக உயரமான விளிம்பைவிடத் தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். இதற்குக் கொத்தனார்களின் டியூப் லெவல் போதும். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை டேப்பால் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இறக்கம் தெரிந்துவிடும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது.

அளவுகளை பி2 செல்லிலிருந்து டி5 செல்வரை, நான்கு வரிசை, மூன்று காலமாக டைப் செய்யுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. 2 அடி 3 அங்குலத்தை 2.3 என்று அடிக்காதீர்கள். 3 அங்குலம் கால் அடி, எனவே அது 2.25.

ஜி1 செல்லில் தரைமட்டம் எங்கே வர வேண்டும் என்பதைக் கொடுங்கள். உயரமான விளிம்போடு சமம் என்றால் 0, மூன்று அடி கீழே என்றால் 3. இப்போது பி8 செல்லில் சமக்குறி அடித்து, பி2-ஐ கிளிக் செய்து, மைனஸ் அடித்து, ஜி1-ஐ கிளிக் செய்யுங்கள். உடனே எஃப்4 கீயைத் தட்டினால் டாலர் குறிகள் வரும். (சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) என்டர் தட்டிவிட்டு, அந்த செல்லின் மூலையைப் பிடித்து டி11 வரை இழுத்து நிரப்புங்கள். ஜி1 எல்லாக் கட்டத்துக்கும் பொது, அது நகரக் கூடாது என்பதற்குத்தான் டாலர் குறி.

வரும் எண்ணில் மைனஸ் இருந்தால் அந்தக் கட்டத்தில் மண்ணை வெட்ட வேண்டும். இல்லையென்றால் நிரப்ப வேண்டும். 10-க்கு 10 கட்டத்தில் ஒரு அடி உயரம் மண் என்பது 100 கன அடி, அதாவது சரியாக ஒரு யூனிட். ஆகவே செல்லில் இருக்கும் எண்ணே யூனிட் கணக்கு! கூட்டுவதற்கு சம்இஃப் ஃபங்ஷனில் ரேஞ்சாக இந்த 12 செல்களையும், கிரைட்டீரியாவாக >0 என்றும் கொடுங்கள்.

சித்தப்பாவின் மனை 40 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 6 அடி இறங்குகிறது. சீரான சரிவு என்று வைத்தால் வரிசைகள் 0.75, 2.25, 3.75, 5.25. ஜி1-ல் 0 போட்டால் 36 யூனிட் மண் நிரப்ப வேண்டும். பின்பக்கம் 6 அடி மண்ணைத் தாங்கும் சுவரும் வேண்டும். 3 போட்டால் 9 யூனிட் வெட்டி 9 யூனிட் நிரப்பினால் சரியாகிவிடும். பிளானை நடுவில் பிரித்து, முன்பாதிக்கு 1.5, பின்பாதிக்கு 4.5 என்று இரண்டு மட்டம் கொடுத்தால் வெட்டுவது நாலரை யூனிட், நிரப்புவது நாலரை யூனிட். பேஸ்மென்ட் உயரம் இதற்கு மேல் தனி.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. ஆனால் அதற்கும் விலை உண்டு. இரண்டு மட்டத்துக்கும் 3 அடி வித்தியாசம். அரை அடி உயரத்தில் ஆறு ஏற்றம். ஒவ்வொன்றும் 10 அங்குல அகலத்தில் ஐந்து படி என்றால் 4 அடி 2 அங்குலம் ஹாலில் போய்விடும். பாத்ரூம் இரண்டும் பிளானில் பின்பாதியில் இருந்தன. முழங்கால் வலியோடு பாட்டி இரவில் ஆறு ஏற்றம் ஏறி இறங்குவது நடக்காத காரியம். ஒரு பாத்ரூமை முன்பெட்ரூமை ஒட்டி மாற்றச் சொன்னேன். கிச்சன் கீழேயே இருக்கட்டும், கழிவுநீர் தானாக இறங்கும்.

இந்த மாற்றத்தைப் படமாகப் பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச சாஃப்ட்வேர் உதவும். பிளான் படத்தை பேக்ரவுண்ட் இமேஜாக உள்ளே கொண்டுவந்து, அதன் மேலேயே சுவர்களை வரையலாம். பின்பாதிக்குத் தனி லெவல் சேர்த்து, எலிவேஷனை மைனஸ் 3 அடி என்று கொடுங்கள்.

இந்தக் கணக்கு சொல்லாத விஷயம் மண்ணின் பலம். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிரப்பிய மண்ணை எவ்வளவு இடித்தாலும் அது கொஞ்சம் அமுங்கும். அஸ்திவாரம் அதன் மேல் உட்காராமல் கெட்டி மண்வரை இறங்க வேண்டும். நடுவில் வரும் 3 அடிச் சுவர் மண் ஈரத்தையும் தாங்க வேண்டும். மேட்டுப்பக்க மழைநீர் வீட்டைச் சுற்றிப் போக வாய்க்கால் வேண்டும். கம்பி, கான்கிரீட் அளவெல்லாம் சிவில் இன்ஜினியர் வேலை. மலைப்பகுதியில் கட்ட அனுமதியும் தேவை. இரண்டு ஷீட்டையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். பிளானுக்குப் பணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.