‘எங்க இருக்க?’ – பதில் தெரியுமா?

தூத்துக்குடி பக்கம் நம்ம புதுக்கோட்டையில் வழி தெரியலன்னா டீக்கடையில் கேட்டால் போதும். பெரிய கேம்பஸில் ராத்திரி கேட்க ஆளே இருக்காது. சென்னை ஐஐடியையே எடுத்துக்கோங்க. 1959-ல் தொடங்கியது, கிண்டிக் காட்டை ஒட்டி சுமார் 617 ஏக்கர். ஹாஸ்டல்களுக்கு நதிகளின் பெயர்; நம்ம தாமிரபரணியும் அதில் உண்டு.

இப்படி ஒரு இடத்தில் சேர்ந்தால் முதல் வாரமே செய்ய வேண்டியவை:

1. பகலில் சைக்கிளில் ஒரு சுற்று வாங்க. ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, கேட் மூன்றுக்கும் வழி மனப்பாடம் ஆகணும்.

2. இரவில் சைக்கிளுக்கு லைட் கட்டாயம். புள்ளிமான் திடீர்னு குறுக்கே வரும்.

3. குரங்குக்குத் தீனி போடாதீங்க. பழகிட்டா அடுத்தவங்க கையிலும் பிடுங்கும்.

4. கேம்பஸ் செக்யூரிட்டி நம்பரோடு, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181 எல்லாத்தையும் போனில் சேமிங்க.

பேசும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்க. ‘ஐஐடி உள்ளே’ன்னா போதாது. சர்தார் படேல் சாலை மெயின் கேட்டா, வேளச்சேரி கேட்டா, தரமணி கேட்டா? தப்பான கேட்டுக்குப் போன ஆம்புலன்ஸ் சுற்றி வர்றதுக்குள்ள நேரம் போயிடும்.

எந்தக் கல்லூரிக்கும் இதே கணக்குதான். இப்போ நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்தை, புதுசா வர்ற ஒருத்தருக்குப் புரியுற மாதிரி ஒரே வரியில் சொல்லிப் பாருங்க.