பாடம் 9: காற்று போட வைக்கும் குட்டிக்கரணம்

சைக்கிள் பம்பின் வாயை விரலால் இறுக்கி மூடுங்கள். பிடியை உள்ளே தள்ளிவிட்டு, கையை எடுங்கள். என்ன ஆச்சு? பிடி தானாகவே வெளியே வந்ததா? உள்ளே அடைபட்ட காற்றுதான் அதைத் தள்ளியது!

சண்டை ரோபோக்கள் சிலவும் இப்படித்தான் எதிரியைப் புரட்டுகின்றன. பிரிட்டனின் ‘ரோபோ வார்ஸ்’ போட்டியில் ‘கேயாஸ் 2’ என்ற ரோபோ இதே முறையில் மூன்றாம், நான்காம் தொடர்களை வென்றது.

நம் ரோபோ சின்னது. எடை 150 கிராம்தான். அதன் குட்டித் தொட்டியில் காற்றை அடைக்கிறோம். வால்வு திறந்ததும் காற்று உருளைக்குள் பாயும், பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் முன்னால் உள்ள தட்டைத் தூக்கும். பிஸ்டனின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 5 பார் என்றால், சுமார் 5 கிலோவைத் தூக்கும் விசை கிடைக்கும்!

நானும் என் மகளும் முதலில் பிஸ்டனைக் கீலை ஒட்டியே பொருத்திவிட்டோம்.

“அம்மா, தூக்கவே மாட்டேங்குது!” என்றாள்.

“கொஞ்சம் தள்ளி வைச்சுப் பார்ப்போமா?” என்றேன்.

தள்ளி வைத்தோம். எதிரி ரோபோ குட்டிக்கரணம் போட்டது!

கவனம்! பேட்டரியைக் கழற்றினாலும் தொட்டியில் காற்று இருக்கும். தட்டு திடீரென்று எழும்பி விரலை நசுக்கலாம். காற்றை முழுவதும் வெளியே விட்ட பிறகுதான் தொட வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சொற்பொருள்
கீல் – கதவைத் திறந்து மூட உதவும் இணைப்பு
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் பலம்

பேசுவோம்
1. பம்பின் பிடியை வெளியே தள்ளியது எது?
2. பேட்டரியைக் கழற்றியதும் ரோபோவை ஏன் தொடக் கூடாது?
3. கீலின் பக்கத்தில் கை வைத்து ஒரு கதவைத் தள்ளுங்கள். பிறகு கைப்பிடியின் பக்கத்தில் தள்ளுங்கள். எது சுலபம்?