குடிவழி காணும் நெறி

குடிவழி அறிய விழைவோர் முதலில் நாடுவது பத்திரங்களையே. ஓரிக்கையில் யானும் அவ்வாறே தொடங்கினேன். பாட்டனாரின் கிரயப் பத்திரம் அவர்தம் தந்தை பெயரோடு நின்றது. அதற்கு முந்தையோர் நிலமற்ற உழவர்; அவர்கட்குப் பட்டாவும் இல்லை, இடுகாட்டில் பெயர்க்கல்லும் இல்லை. மேலும் இரு தலைமுறையைப் பாட்டியாரே சொன்னார். பேரனுக்குப் பாட்டன் பெயரிடுவது நம் மரபாதலின், ஒரே பெயர் மீண்டும் வருங்கால் தந்தை பெயரையும் ஆண்டையும் ஒப்புநோக்கியே ஆளைத் துணிதல் வேண்டும்.

நிலமற்றோர் பெயர் விடுபடுவது புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), குடவோலையில் பெயர் இடம்பெறப் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறைநிலமும் தன் மனையில் வீடும் வேண்டும் என்கிறது. கல்லும் ஏடும் பெரிதும் உடையோரையே நினைவில் வைத்தன. இல்லாதோரை முதியோர் நெஞ்சமே காத்தது. நண்பர்களே, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்!