புதியவரின் நேரசூசி: முதலில் பாடங்களை எண்ணுங்கள்

தொழிற்கல்லூரியொன்றில் புதிதாகக் கடமையேற்பவருக்கு முதல் வாரத்திலேயே மூன்று பொருட்கள் கைக்கு வரும்: கடமையேற்புக் கடிதத்தின் பிரதி, வேலைத்தளச் சாவி, நேரசூசி. முதல் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்பவர்கள், மூன்றாவதை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். தகுதிகாண் காலம் எப்படிக் கழியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஒற்றைத் தாள்தான்.

யாழ் குடாநாட்டில் வேலைப் பங்கீடு பற்றிய கேள்விக்கு இப்போது அவசரம் அதிகம். கொக்குவிலில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரி, குருநகரில் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவகம், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் என்று இங்கே தொழில் கற்பிக்கும் இடங்கள் பல. அரச சேவையில் கட்டாய ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டதால், 2022 டிசம்பர் 31 அன்று நாடெங்கும் அனுபவசாலிகள் ஒன்றாக ஓய்வுபெற்றார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடு போனவர்களும் உண்டு. ஆள் போன இடத்தில் பாடம் மட்டும் மிஞ்சும். மிஞ்சிய பாடங்களைப் புதியவர் தலையில் கட்டுவது எளிது. அவர் மறுத்துப் பேசமாட்டார்.

அப்படிக் கட்டாமல், நியாயமாகப் பங்கிடுவது எப்படி? பிரிவுத் தலைவருக்கும் புதியவருக்கும் சேர்த்தே சில வழிகள்.

1. மணித்தியாலத்துக்கு முன் பாடம்

வாரத்துக்கு 18 மணித்தியாலம் என்று இருவருக்கு ஒரே அளவு கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆறு மணித்தியாலப் பாடம் ஒன்று. அதை மூன்று பிரிவு மாணவருக்குத் திரும்பத் திரும்ப நடத்துகிறார். மற்றவருக்கு ஆறு மணித்தியாலப் பாடங்கள் மூன்று, மூன்றும் புதியவை. முதற்தடவை நடத்தும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் இரண்டு மணித்தியால ஆயத்தம் தேவை என்று கொண்டால், முதலாமவருக்கு 12 மணித்தியால ஆயத்தம், மொத்தம் 30. இரண்டாமவருக்கு 36 மணித்தியால ஆயத்தம், மொத்தம் 54.

அரச அலுவலக நேரம் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை. ஐந்து நாளையும் கூட்டினால், மதிய உணவு நேரம் உட்பட 38 மணி 45 நிமிடம். இரண்டாமவரின் வேலை அதற்குள் அடங்காது. அவர் இரவில் விழித்திருப்பார், அல்லது ஆயத்தமில்லாமல் வகுப்புக்குப் போவார். தாளில் மட்டும் இருவருக்கும் ‘18’ என்றே இருக்கும்.

முதல் அரையாண்டில் புதியவருக்கு இரண்டு பாடங்களுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்றாவது, முன்பு நடத்தியவரின் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் கைக்குக் கிடைக்கும் பாடமாக இருக்கட்டும்.

2. செய்முறையைப் பாதியாக்காதீர்கள்

கிரெடிட் கணக்குப் போடும்போது, இரண்டு மணித்தியாலச் செய்முறையை ஒரு மணித்தியால விரிவுரைக்குச் சமமாக எடுப்பது பல இடங்களில் வழக்கம். மாணவரின் கற்றலை அளக்க அது போதும். அதையே ஆசிரியரின் வேலைக்கு அளவாக வைத்தால் உழைப்புப் பாதி காணாமற்போகும்.

ஒரு வெல்டிங் வகுப்பைப் பாருங்கள். மாணவர் வருமுன் இரும்புத் தகடுகளை அளவாக வெட்டி வைக்க வேண்டும். வெல்டிங் குச்சிகள் ஈரமில்லாமல் இருக்கின்றனவா, கேபிளில் வெடிப்பு உண்டா, முகக்கவசங்கள் எல்லோருக்கும் போதுமா என்று பார்க்க வேண்டும். வகுப்பில் ஒருவர் கையைப் பார்க்கும்போதே இன்னொருவர் கண்ணையும் பார்க்க வேண்டும். முடிந்ததும் கருவிகளை எண்ணி, துடைத்து, பூட்ட வேண்டும். மூன்று மணித்தியாலச் செய்முறை உண்மையில் நாலரை மணித்தியால வேலை. வேலைத்தள உதவியாளர் இல்லையென்றால் அதற்கும் மேல்.

ஆகவே செய்முறை மணித்தியாலத்தை முழுதாக எண்ணுங்கள். ஆயத்தத்துக்கும் ஒழுங்குபடுத்தலுக்கும் நேரசூசியிலேயே இடம் விடுங்கள். மாணவர் தொகை கூடினால் குழுவை இரண்டாக்குங்கள். இரண்டாக்கினால் ஆசிரியரின் மணித்தியாலமும் இரட்டிக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கணிப்பீடும் தொழிலிடப் பயிற்சியும்

தேசிய தொழிற் தகைமை (என்.வி.கியூ) முறை தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு பயிலுநரும் ஒவ்வொரு தேர்ச்சியையும் செய்து காட்ட வேண்டும். அதைப் பார்த்து, பதிந்து, கோவையில் வைக்க வேண்டும். இருபது பேர், பத்துத் தேர்ச்சி என்றால் 200 பதிவுகள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் போனாலும் 33 மணித்தியாலத்துக்கு மேல். இது நேரசூசியில் எங்கும் தெரியாது.

தொழிலிடப் பயிற்சியில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பதும் அப்படித்தான். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில் மூவர், சுன்னாகத்துக் கராஜில் இருவர், காரைநகரில் ஒருவர், பருத்தித்துறையில் ஒருவர் என்று பிள்ளைகள் சிதறியிருப்பார்கள். கொக்குவிலிலிருந்து பஸ்ஸில் போய், முதலாளியுடன் பேசி, பதிவேட்டில் ஒப்பம் வாங்கித் திரும்ப, தூர இடம் ஒன்றுக்கே அரை நாள் போய்விடும். இதற்கென வாரத்தில் ஒரு அரை நாளை வகுப்பில்லாமல் ஒதுக்கி, திசைவாரியாகப் பிரித்துக்கொடுங்கள். வடமராட்சியில் குடியிருப்பவருக்கு வடமராட்சி இடங்களைக் கொடுத்தால் எல்லோருக்கும் மிச்சம்.

4. வகுப்புக்கு வெளியே உள்ள பாரம்

அரச நியமனம் பெற்ற புதியவர் தடைதாண்டற் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். சிங்கள மொழித் தேர்ச்சியும் பெற வேண்டும். மூத்தவர்கள் இவற்றை எப்போதோ முடித்துவிட்டார்கள். அதே ஆண்டில் அவரைப் பாடநெறி இணைப்பாளர், விளையாட்டுப் போட்டிப் பொறுப்பாளர், ஜூலை 15 உலக இளைஞர் திறன் தினக் கண்காட்சிப் பொறுப்பாளர் என்று ஆக்கினால் எதுவும் உருப்படாது. முதலாண்டில் ஒரு மேலதிகப் பொறுப்புப் போதும்.

புதியவருக்கு ஒரு சொல்: வேலைத்தளத்தின் இருப்புப் பதிவேட்டைப் பொறுப்பேற்கச் சொன்னால், கருவிகளை நேரில் எண்ணிப் பார்த்த பிறகே ஒப்பமிடுங்கள். அந்த எண்ணிக்கைக்கு ஒரு முழு நாள் கேளுங்கள். காணாமற்போன மல்டிமீட்டருக்குப் பின்னர் பதில் சொல்லப்போவது ஒப்பமிட்டவர்தான்.

5. உலகம் எப்படி அளக்கிறது

யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து தயாரித்த ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை 1966 அக்டோபர் 5 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. கற்பித்தல் நேரத்தை நிர்ணயிக்கும்போது மாணவர் தொகை, ஆயத்தத்துக்கும் மதிப்பீட்டுக்கும் தேவையான நேரம், ஒரு நாளில் நடத்தும் வெவ்வேறு பாடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கருதவேண்டும் என்று அது சொல்கிறது. நாம் கேட்பது புதுமையானதல்ல.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணித்தியால நேரடிக் கற்பித்தலும் பேராசிரியருக்கு 14 மணித்தியாலமும் விதித்தன. அங்கே சலுகை மூப்புக்கு. இங்கிலாந்துப் பாடசாலைகளில் 2021 முதல், புதிய ஆசிரியருக்கு முதலாண்டில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் வகுப்பு நேரம் குறைக்கப்படுகிறது. அங்கே சலுகை தொடக்கத்துக்கு. நமக்குப் பொருந்துவது இரண்டாவது வழி. 20 மணித்தியாலம் வழமை என்றால் முதலாண்டில் 18, அடுத்த ஆண்டில் 19. ஒரு பிரிவில் இரண்டு மணித்தியாலத்தைச் சரிக்கட்ட முடியாத நிலை அரிது. முடியாத இடத்தில் வருகைதரு விரிவுரையாளரைக் கேட்டு நேரத்தோடு எழுதுங்கள். வகுப்பு தொடங்கிய பின் எழுதினால் அனுமதி வருமுன் அரையாண்டு போய்விடும்.

6. எப்படிக் கேட்பது

புதியவர்கள் வாய்திறக்கத் தயங்குவது, ‘வேலை செய்ய விருப்பமில்லை’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான். முறைப்பாடாகச் சொல்லாமல் கணக்கோடு போங்கள். பாடம், மாணவர் தொகை, விரிவுரை, செய்முறை, ஆயத்தம், கணிப்பீடு, தொழிலிடப் பார்வை என்று ஒரு பக்க அட்டவணை போதும். பிறகு நேரில் சொல்லலாம்:

“சேர், இந்த செமஸ்டருக்கு எனக்கு நாலு பாடம் வந்திருக்கு. மூண்டு எனக்குப் புதுசு. ரெண்டைத் தந்தால் வடிவாச் செய்து முடிப்பன். மற்றதில ஒண்டை அடுத்த செமஸ்டருக்கு இப்பவே ஆயத்தப்படுத்தத் தொடங்கிறன்.”

வேண்டாம் என்ற சொல் இதில் இல்லை. எது எப்போது முடியும் என்பது இருக்கிறது. அப்படிக் கேட்டும் மாற்றம் வராவிட்டால், அதே அட்டவணையைத் திகதியிட்டு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மீளாய்வில் அது பேசும்.

பிரிவுத் தலைவர்களுக்கு

ஆள் பற்றாக்குறை உண்மை. அதை நீங்கள் உருவாக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அதை ஆகப் புதியவர் ஒருவரே சுமப்பது நியாயமல்ல. அவர் களைத்துப்போய் வேறு வேலைக்கு விண்ணப்பித்தால் அவருடைய பாடங்களும் உங்கள் மேசைக்கே திரும்பி வரும். அவரிடம் படித்த பிள்ளைகள் அரைகுறைத் தேர்ச்சியோடு தொழிலுக்குப் போவார்கள். அடுத்த அரையாண்டு நேரசூசி போட உட்காரும்போது புதியவரின் பெயரை முதல் வரியில் எழுதி, அவருக்குரிய இரண்டு பாடங்களைக் குறித்துவிடுங்கள். மீதியை அதன் பிறகு பங்கிடுங்கள்.