புயல் வருமுன் ஊர் கூடுவோம்

வங்கக் கடலை அடுத்த டெல்டா மாவட்டங்களுக்குப் புயல் புதிதன்று. 1977-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடந்த புயலில் 560 பேர் மாண்டனர். 10 இலட்சம் பேர் வீடிழந்தனர். 23 ஆயிரம் கால்நடைகள் மடிந்தன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. இரண்டு புயல்களிலும் காற்றின் வேகம் ஏறத்தாழ மணிக்கு 120 கிலோ மீட்டர்தான். ஆயினும் கஜாவில் உயிரிழப்பு நூறைத் தொடவில்லை. நாள்கள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்ததும், 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டதும் இதற்கு முக்கியக் காரணங்களாகும்.

ஆனால் கஜா மற்றொரு பாடத்தையும் புகட்டியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. அந்த நிலையில் முதலில் உதவ வரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரரே. ஆகவே, எச்சரிக்கையைக் கைபேசியில் பெறுவதோடு, அதை ஊரின் கடைசி வீடு வரை கொண்டு சேர்க்கவும், கைபேசி நின்றபின் ஊரே தன்னைக் காத்துக்கொள்ளவும் உரிய ஏற்பாடு வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசியிலேயே இதைச் செய்து முடித்தல் நலம்.

எச்சரிக்கையும் செய்ய வேண்டுவனவும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு கட்டங்களாகப் புயல் செய்தியை வெளியிடுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வேலை உண்டு.

1. 72 மணி நேரத்துக்கு முன்: முன் கண்காணிப்புச் செய்தி வரும். ஊர்க் குழு கூடிப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். அறுத்துக் காயப்போட்ட கதிரைக் களம் சேர்க்க வேண்டும்.

2. 48 மணி நேரத்துக்கு முன்: வடிகால்களைத் திறந்து விடவும். தென்னையில் முற்றிய காய்களையும் இளநீரையும் பறித்து, கனமான அடிமட்டைகளை நீக்கிவிடவும். மரத்தின் தலைப்பாரம் குறையும்.

3. 24 மணி நேரத்துக்கு முன்: குடிசை, ஓட்டு வீடுகளிலும் தாழ்வான இடங்களிலும் இருப்போர், பொழுது இருக்கும்போதே பாதுகாப்பான கட்டடத்துக்குச் செல்ல வேண்டும்.

4. 12 மணி நேரத்துக்கு முன்: எவரும் வயலுக்கோ கடலுக்கோ செல்லலாகாது.

ஊர்ப் பாதுகாப்புக் குழு

இருபத்தைந்து முப்பது வீடுகளுக்கு இருவர் வீதம் பொறுப்பேற்றால் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். நிறைமாதக் கர்ப்பிணி யார், படுக்கையில் உள்ள முதியவர் யார், தனித்து வாழும் கைம்பெண் யார் என்பது பெண்களுக்கே நன்கு தெரியும். குழுவில் ஊராட்சி உறுப்பினர், மகளிர் சுய உதவிக் குழுவினர், மின்வேலை தெரிந்தவர், டிராக்டர் ஓட்டுநர் ஆகியோர் இருக்கட்டும்.

குழு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். கைபேசியில் மட்டும் எழுதி வைத்தல் போதாது. மின்சாரம் இன்றேல் அது பயன்படாது. நோட்டில் எழுத வேண்டியவை:

அ) ஒவ்வொரு வீட்டிலும் உள்ளோர் எண்ணிக்கை, தூக்கிச் செல்ல வேண்டியவர்கள், நாள்தோறும் மருந்து உண்போர் விவரம்.

ஆ) டிராக்டர், மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், நீண்ட கயிறு, படகு ஆகியவை எவரிடம் உள்ளன என்ற விவரம்.

இ) பள்ளி, புயல் பாதுகாப்பு மையம், கான்கிரீட் கட்டடங்களின் சாவி வைத்திருப்போர் பெயர்.

ஈ) அவசர எண்கள்: மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, காவல், தீயணைப்பு உள்ளிட்ட எல்லா அவசரங்களுக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, மின்தடை, அறுந்த கம்பி குறித்துத் தெரிவிக்க 94987 94987.

வீட்டை விட்டு வர மறுப்போர்

முகாமுக்கு அழைக்கும்போது, "மாட்டை விட்டுவிட்டு நான் எங்கே வர?" என்று கேட்பவர் எந்த ஊரிலும் உண்டு. அவரைக் குறை கூறிப் பயனில்லை. அந்தப் பசுதான் அவருக்குப் பிழைப்பு. ஆகவே மாடுகளை ஓட்டிச் சென்று கட்ட ஒரு மேட்டு நிலத்தை முன்கூட்டியே முடிவு செய்து, தீவனமும் தண்ணீரும் அங்கே சேர்த்துவிடுங்கள். மேட்டுக்குக் கொண்டுபோக முடியாத மாடுகளை அவிழ்த்து விட்டுவிட வேண்டும். கட்டிய மாடு வெள்ளத்தில் தப்பாது. பட்டா, வங்கிப் புத்தகம், ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி உடன் எடுத்துச் செல்லலாம். இந்த இரண்டுக்கும் வழி செய்துவிட்டால், முகாமுக்கு வரத் தயங்குவோர் குறைவர்.

கைபேசியைப் பயன்படுத்தும் முறை

வானிலைத் துறையின் 'மேகதூத்' செயலி, பயிருக்கேற்ற வானிலை ஆலோசனையைத் தமிழில் தருகிறது. 'தாமினி' செயலி, நாம் நிற்கும் இடத்துக்கு அருகே மின்னல் இறங்குவதைக் காட்டும். நடவு நாள்களில் வயலில் நிற்போருக்கு இது பெரிதும் உதவும். தமிழ்நாடு அரசின் 'டி.என். அலர்ட்' செயலியிலும் எச்சரிக்கைகள் கிடைக்கின்றன. 2023-ஆம் ஆண்டில் எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தது நினைவிருக்கும். அது பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. அப்படி ஒலி வந்தால் அதை அணைக்காமல், செய்தியை முழுதும் படியுங்கள்.

ஊருக்கென வாட்ஸ்அப் குழு வைத்தல் நல்லதே. ஆனால் அதில் இரண்டு விதிகள் வேண்டும். முதலாவது, பொறுப்பாளர் இருவர் மட்டுமே செய்தி இட வேண்டும். இரண்டாவது, எந்தச் செய்தியிலும் நாளும் நேரமும், எங்கிருந்து கிடைத்தது என்பதும் இருத்தல் வேண்டும். "ஏரி உடைந்துவிட்டது" என்ற பொய்ச் செய்தியால் இரவில் மக்கள் தெருவில் ஓடி அடிபடுவதுண்டு. ஐயமிருப்பின் 1077-க்குப் பேசி உறுதி செய்த பின்பே பரப்புங்கள். கைபேசி இல்லாத வீடுகளுக்குப் பொறுப்பாளர் நேரில் சென்று சொல்ல வேண்டும். 'சொன்னேன்' என்று நோட்டில் குறித்த பின்பே அந்த வேலை முடிந்ததாகும்.

கைபேசி நின்ற பின்

பேட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று குழுவிடம் இருக்கட்டும். வானொலியில் புயல் செய்திகள் தொடர்ந்து வரும். கையில் ஏந்தும் ஒலிபெருக்கி ஒன்று, டார்ச் விளக்குகள் நான்கு, கயிறு, அரிவாள் ஆகியவையும் முகாமில் இருக்க வேண்டும். எத்தனை முறை கோயில் மணி அடித்தால் எந்த உதவி தேவை என்று முன்பே பேசி வைக்கலாம்.

நள்ளிரவில் பெருங்காற்று திடீரென நின்றால் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடந்து போகிறது என்பதே அதன் பொருள். சற்று நேரத்தில் காற்று எதிர்த் திசையிலிருந்து மீண்டும் வீசும். ஏற்கெனவே ஆட்டம் கண்ட சுவரும் மரமும் அப்போதுதான் விழும்.

மறுநாள் காலையில்

அறுந்த மின்கம்பியை, மின்சாரம் இல்லையென எண்ணித் தொடலாகாது. யாரேனும் ஜெனரேட்டரை இயக்கினாலும் அதில் மின்சாரம் பாயக்கூடும். தேங்கிய நீரில் கோல் ஊன்றிப் பார்த்தே நடக்கவும். பாம்பு கடித்தால் கீறவோ கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சேதத்தைச் சீர் செய்யும் முன் படம் எடுத்து வைக்கவும். பயிர்க் காப்பீடு செய்தவர்கள், அறுத்துக் காயப்போட்ட கதிர் புயலில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதற்கு 14447 என்ற எண்ணை அழைக்கலாம். தொடர்பு இல்லாத ஊரிலிருந்து, எல்லோர் விவரத்தையும் எழுதிக்கொண்டு ஒருவரை வேளாண்மை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

உழவர் பெருமக்களே! எழுதி வைத்த திட்டம் ஒத்திகை இல்லாமல் பயன் தராது. ஐப்பசிக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் மணியடித்து, ஊரின் கடைசி வீட்டு முதியவரை முகாமுக்கு அழைத்து வந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக் கொள்ளுங்கள். வழியில் எங்கே தடை என்பது அன்றே தெரிந்துவிடும். அதை அன்றே நீக்கிவிட்டால், புயல் இரவில் அந்த முதியவர் கரை சேர்வார்.