ஆப்பிளுக்குத் தூக்கம் வேண்டும்

சித்தேரி மலையில் வீட்டு வாசலில் ஆப்பிள் நட்டுவிட்டு, ‘ஏன் இப்படிக் குச்சியாக நிற்கிறது?’ என்று கேட்டுக்கொண்டு வரும் இளசுகளுக்காக இதை எழுதுகிறேன். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பழகிய கை என்னுடையது. ஆப்பிளோடு எட்டு வருஷமாகத்தான் மல்லுக்கட்டுகிறேன்.

1. கையிலிருக்கும் உரத்தை முதலில் கீழே வை, கண்ணு. வாடுகிற செடியைப் பார்த்தால் எதையாவது கொட்டத் தோன்றும். வேர் கெட்டிருக்கும்போது யூரியா போட்டால் மிச்சமிருக்கும் வேரும் கருகும்.

2. மரத்துக்கு நோயா, ஊர் ஒத்துக்கொள்ளவில்லையா என்று பிரித்துப் பார். ஆப்பிள் குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்குகிற சாதி. சுமார் 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. காஷ்மீர், சிம்லாப் பக்கத்துப் பழைய ரகங்கள் 800 முதல் 1,200 மணி நேரம் வரை கேட்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் மலை அதில் ஏறத்தாழ பாதிதான். மார்கழி விடியலில் நமக்குப் பல் கிட்டுகிறதே என்பாய். மரம் அதைக் குளிரென்று கணக்கில் சேர்ப்பதில்லை.

தூக்கம் கெட்ட மரத்தைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை, நடுக்கிளை மொட்டை. ஒரு கிளையில் பூ இருக்கும்போது பக்கத்துக் கிளையில் போன வருஷத்து இலை பழுத்துத் தொங்கும். இதைப் பூச்சி என்று நினைத்து இரண்டு வருஷம் மருந்தடித்தவன் நான்.

3. என்ன ரகம் என்று கேட்காமல் கன்று வாங்காதே. சிவப்புப் பழம் படம் போட்ட அட்டையை நம்பி ஒரு வண்டிக்காரரிடம் நான் வாங்கியது விதைக்கன்று. விதையில் வருவது தாய்மரம் மாதிரியே இருக்காது. ஒட்டுக்கன்றாக, குறைந்த குளிர் போதும் என்கிற ரகமாகக் கேள். இஸ்ரேலில் உருவான ‘அன்னா’ 200, 300 மணி நேரத்தில் அடங்கும். பஹாமாஸிலிருந்து வந்தது ‘டார்செட் கோல்டன்’. இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், வெயில் காயும் தாழ்வான ஊரில், ஹரிமன் சர்மா என்ற விவசாயி கண்டெடுத்தது ‘எச்.ஆர்.எம்.என்.-99’. அதற்காக அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தின் ‘கே.கே.எல்.1’ நல்ல ரகம்தான், ஆனால் அது அந்த உயரத்துக்கு.

அன்னாவை வைத்தால் பக்கத்தில் டார்செட்டையும் வை. தனியாக நின்றால் காய் சொற்பம்.

4. மண்ணைக் கிளறி மரத்தின் கழுத்தைப் பார். ஒட்டுக்கட்டிய முண்டு மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும். சாயாமல் இருக்கட்டும் என்று நாம் மண்ணை அணைத்து அணைத்து அதை மூடிவிடுகிறோம். மழையில் அங்கேதான் அழுகல் பிடிக்கும். பட்டையை நகத்தால் சுரண்டு. பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தால் மண்ணை விலக்கிக் காயவிடு. தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாமல், இரண்டடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி விடு. மேலே காய்ந்த சருகை மூடாக்காகப் போடு, தண்டில் மட்டும் ஒட்டக் கூடாது.

5. தானாகத் தூங்காத மரத்தை நாம்தான் தூங்க வைக்க வேண்டும். இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் மலாங் பகுதியில், ஏறக்குறைய நம் மலையின் உயரத்தில் ஆப்பிள் விளைகிறது. அங்கே குளிர்காலமே கிடையாது. பழம் பறித்த பிறகு இலை முழுவதையும் கையால் உருவி விடுகிறார்கள். மரம் ஏமாந்து புதிதாகப் பூக்கிறது, வருஷத்துக்கு இரண்டு தடவை!

நமக்கு ஒரு தடவை போதும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் தண்ணீரைக் குறை. மார்கழிக் கடைசியில் இலையை உருவு. மொட்டு ஒடியாமல் இலையைக் கிள்ள வேண்டும். பிறகு கவாத்து செய்து, தொழுவுரம் வைத்து, நன்றாகத் தண்ணீர் விடு. ஆனால் நோஞ்சான் மரத்தில் இதைச் செய்யாதே. இலைதான் அதற்குச் சோறு. ஒரு வருஷம் தேற்றிவிட்டு அப்புறம் உருவு.

6. நெட்டுக்குத்தாக ஏறும் கிளையில் பூ அதிகம் வராது. கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கவாட்டில் சாய்த்துவிடு. என் வீட்டுக்காரி, ‘மரத்துக்குத் தொட்டில் கட்டுகிறாயா?’ என்று சிரித்தாள்.

7. பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருந்தால் அது அசுவினி. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடை. வெயில் படும் தண்டுக்குச் சுண்ணாம்பு அடி, பட்டை வெடிக்காது. மண்ணில் சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேள்.

8. கழுத்தைச் சுற்றி முழு வட்டமாகப் பட்டை செத்துவிட்டால் பிடுங்கிவிடு. அழாதே. அதே குழியில் மறுபடி ஆப்பிள் வைக்காதே, இடத்தை மாற்று. அப்படிப் பிடுங்கிய ஒரு குழியில் நான் கொய்யா வைத்தேன், எதையும் கேட்காமல் காய்க்கிறது.

இரண்டாவதாக வைத்த அன்னா இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது. போன வைகாசியில் பதினோரு காய். நாலைக் குரங்கு கொண்டுபோனது.