மறுக்கும் சர்வரும் மௌனஞ் சாதிக்கும் சர்வரும்

நம் கலாசாலைப் புத்தகசாலையின் அட்டைப் பட்டியலைக் கணினியில் ஏற்றுதற்பொருட்டு, கழித்தொதுக்கப்பட்டுக் கிடந்த பழைய கணினியொன்றில் லினக்ஸையும், அதன்மேல் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள சர்வரையும் யாமும் மாணவர் சிலருமாகச் சென்ற ஆண்டு அமைத்தோம். ஆயத்தமாகக் கிடைக்கும் பொதியை விடுத்து, மூலநிரலினின்று யாமே தொகுத்து நிறுவிய சர்வர் அது. அதன்முன் அமர்ந்து கேட்டால் எக்கேள்விக்கும் தட்டாது விடை தந்தது. அடுத்த அறையிலிருந்த நான்கு கணினிகளில் ஒன்றேனும் அதனோடு தொடர்பு கொள்ள இயலவில்லை. மறுநாட் காலை பட்டியலைத் தட்டச்சுச் செய்ய மாணவர் பன்னிருவர் வருவதாக ஏற்பாடு. அன்று பிற்பகல் முழுதும் யாம் பட்ட பாட்டினின்று கற்றவை பின்வரும் மாணவர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதலாயினோம்.

வலையில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விலாசம் உண்டு. எமது சர்வரின் விலாசம் 192.168.1.20. ஒரே கணினியிற் பல சேவைகள் நடைபெறுமாதலின், இன்ன சேவையென்று வேறுபடுத்தற்குப் போர்ட் என்னும் எண் வேண்டப்படும். போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமாக உரியது 5432. தொடர்பு வேண்டுங் கணினி முதலில் ஒரு சிறு வேண்டுகோளை அவ்விலாசத்துக்கும் அப்போர்ட்டுக்கும் விடுக்கின்றது. ஆங்கே செவிகொடுத்து நிற்கும் சேவை ஒன்று இருப்பின் இசைவு வரும். கேட்ட கணினி அதற்கு மறுமொழி கூறத் தொடர்பு நிலைபெறும். செவிகொடுப்பது ஒன்றும் இல்லையேல், அக்கணினியின் இயங்குதளமே உடனே மறுப்பு அனுப்பிவிடும். அதனையே திரையில் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று காண்கின்றோம். வேண்டுகோள் சென்று சேராவிடினும், சென்றதை ஃபயர்வால் ஓசையின்றி எறிந்துவிடினும், விடையே வாராது. கேட்ட கணினி சிலமுறை மீண்டுங் கேட்டுச் சலித்து 'டைம்டு அவுட்' என்று கைவிடும்.

ஆகவே மறுப்பு என்பதும் ஒரு விடையே. வழி செவ்விது, கணினி உயிரோடுளது, வாயிலிற்றான் ஆளில்லை என்பது அதன் பொருள். மௌனமோ, வழியையும் காவலையும் ஐயுறுக என்று சொல்லும். (ரெட் ஹாட் வழிவந்த லினக்ஸ்களின் ஃபயர்வால் பிறிதொரு வகையாக மறுத்து, 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று திரையில் வரச்செய்வதுண்டு. அதனைப் படித்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கிச் சொருகிப் பொழுது போக்கினார் பலர்.) எமது நான்கு கணினிகளில் மூன்று மறுக்கப்பட்டன, நான்காவதற்கு மௌனமே கிடைத்தது. இவ்வேறுபாடு தொடக்கத்திலேயே எம் கண்முன் இருந்தது. யாமோ "நான்கிலும் வரவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் அதனைப் புதைத்துவிட்டோம். பிற்பகலின் பாதி இதனாற் கழிந்தது.

முதலில் மறுப்பை ஆராய்வாம். ஒவ்வொரு கணினிக்கும் வலையிலுள்ள விலாசத்தோடு, தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் 127.0.0.1 என்னும் உள்விலாசமும் உண்டு. இதனை லோக்கல்ஹோஸ்ட் என்பர். வெளியிலிருந்து எவரும் இவ்வழியே வர இயலாது. சர்வரின்முன் அமர்ந்து யாம் கேட்டபொழுதெல்லாம் இவ்வுள்வழியாலேயே கேட்டோம். அதனால் எல்லாம் நலமென மயங்கினோம். அவ்விருக்கையிலிருந்தே 192.168.1.20 என்னும் அதன் வெளிவிலாசத்தைக் கூறிக் கேட்டபொழுது, தன்னுடைய கணினிக்கே அது மறுப்புத் தந்தது! இடம்விட்டு எழாமலே செய்யத்தக்க இச்சோதனையை மாணவர் நினைவிற் கொள்வாராக. பின்னர் 'எஸ்.எஸ்.' என்னும் ஏவலால், எச்சேவை எவ்விலாசத்திற் செவிகொடுத்து நிற்கின்றது என்று பார்த்தோம். 127.0.0.1 என்பதற்கு நேரே 5432 என்றிருந்தது. வேறு வரி இல்லை.

இது சர்வரின் குற்றமன்று. 2005-இல் வெளிவந்த 8.0 பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ், நாம் வேறு கூறாதவரை, லோக்கல்ஹோஸ்டில் மட்டுமே செவிகொடுக்கும். அமைப்புக் கோப்பிலுள்ள 'லிஸன் அட்ரெஸஸ்' என்னும் வரியை மாற்றினால் வெளிவிலாசத்திலுஞ் செவிகொடுக்கும். அவ்வரியின் தலையில் '#' என்னும் குறி இருப்பின் சர்வர் அதனைப் படியாது; குறியை நீக்காமல் வரியை மட்டுந் திருத்தி வியந்து நிற்பவர் உளர். மாற்றியபின் கோப்பை மறுபடி படிக்கச் சொல்லுதல் போதாது. சர்வரை நிறுத்தி மீண்டும் எழுப்ப வேண்டும்.

இவ்வளவுஞ் செய்தோம். மறுப்பு மாறவில்லை.

ஏனெனில் யாம் திருத்தியது வேறு கோப்பு. அப்பழங்கணினியில் முன்னர் எவரோ ஆயத்தப் பொதியை நிறுவி விட்டுவைத்திருந்த அமைப்புக் கோப்பு அது. ஓடிக்கொண்டிருந்த சர்வர், யாம் தொகுத்த இடத்திலிருந்த தன் கோப்பையன்றோ படிக்கும்? தாமே தொகுத்து நிறுவுவார் அடிக்கடி வீழுங் குழி இது. நினைவையும் வழிகாட்டிப் புத்தகத்தையும் நம்பாது, சர்வரையே கேட்டுவிடுதல் நலம். 'ஷோ கான்ஃபிக் ஃபைல்' என்று கேட்டால், தான் படிக்குங் கோப்பின் முழு இடத்தையும் அது கூறும். உரிய கோப்பில், எல்லா விலாசங்களையுங் குறிக்கும் நட்சத்திரக் குறியை எழுதினோம். குறித்த ஒரு விலாசத்தையே எழுதுவது இன்னும் இறுக்கமான முறை. ஆயினும் கணினி எழும்பொழுது வலை இணையுமுன் சர்வர் எழுந்துவிடின், அவ்விலாசத்தைப் பற்ற மாட்டாது போகும்.

இப்பொழுது அடுத்த அறையில் வேறொரு செய்தி தோன்றியது: '192.168.1.34 என்னும் கணினிக்குப் பி.ஜி.எச்.பி.ஏ. கோப்பில் வரி இல்லை' என்பது அதன் கருத்து. "இன்னும் மறுக்கின்றதே" என்று மாணவர் சோர்ந்தனர். எமக்கோ உவகை. முன்னைய மறுப்பு இயங்குதளத்தினுடையது. இம்மறுப்பைச் சொல்வது தரவுத்தளமே. வாயில் கடந்து கூடத்துள் வந்துவிட்டோம். இன்னார் என்று சொல்லவேண்டியதே எஞ்சியது.

அக்கோப்பின் ஒவ்வொரு வரியும், எத்தரவுத்தளத்துக்கு எப்பயனர் எவ்விலாசத்தினின்று வந்தால் எவ்வாறு சோதிப்பது என்று கூறும். மேலிருந்து கீழாகப் படித்து முதலிற் பொருந்தும் வரியையே சர்வர் கைக்கொள்ளும். அதிற் சோதனை தவறினால் கீழ்வரிகளைப் பாராது. மாணவர் ஒருவர் எங்கோ கண்ட வரியொன்றை அதன் உச்சியில் எழுதினார்: எல்லாத் தரவுத்தளமும், எல்லாப் பயனரும், 0.0.0.0/0, 'டிரஸ்ட்'. நொடியில் மூன்று கணினிகளும் இணைந்தன. அறையிற் கரகோஷம் எழுந்தது. யாம் அவ்வரியை நீக்கச் சொன்னபொழுது, "192.168 என்று தொடங்குவது உள்விலாசமாயிற்றே, வெளியார் யார் வரமுடியும்?" என்று அவர் வாதித்தார். வாதம் முழுதும் பிழையன்று. அத்தகைய விலாசங்கள் பொதுவலையிற் செல்லா. ஆயின் 'டிரஸ்ட்' என்பது கடவுச்சொல்லே கேளாமல் விடுவது. சர்வரின் தலைமைப் பயனர் பெயரைச் சொல்லி நம் வலையிலுள்ள எந்தக் கணினியும் பட்டியல் முழுவதையும் அழிக்கலாம். ரௌட்டரில் என்றேனும் ஒருவர் வெளிவழி திறந்துவிட்டால், உலகமே உள்ளே வரும். 2017 ஜனவரியில், மாங்கோடிபி என்னும் தரவுத்தளத்தைக் கடவுச்சொல்லின்றிப் பொதுவலையில் திறந்துவைத்திருந்தார் ஆயிரக்கணக்கானோர் தம் தரவு அழிக்கப்பட்டுப் பணங்கேட்கும் ஓலை மட்டும் எஞ்சக் கண்டனர். அவ்வாண்டின் இறுதியில் வந்த அதன் 3.6 பதிப்பு லோக்கல்ஹோஸ்டிலேயே செவிகொடுப்பதாக அமைக்கப்பட்டது. ஆகையால் அவ்வரிக்கு மாறாக, புத்தகசாலைத் தரவுத்தளம் ஒன்றுக்கே, அதற்கென ஆக்கிய பயனர் ஒருவர்க்கே, 192.168.1.0/24 என்னும் எல்லைக்குள், 'ஸ்க்ராம்' முறையிற் கடவுச்சொல் கேட்குமாறு எழுதினோம். இக்கோப்புக்கு மறுபடி படிக்கச் சொல்லுதலே போதும்.

நிற்க. நான்காவது கணினியின் மௌனம் அவ்வாறே இருந்தது. மற்ற மூன்றும் இணைந்துவிட்டமையால் சர்வரில் இனித் தேடுவது வீண் என்று தெளிந்து, அக்கணினியின் விலாசத்தைப் பார்த்தோம். 192.168.50 என்று தொடங்கியது. கம்பியில்லாமல் விருந்தினர் வலையில் அது இணைந்திருந்தது. விருந்தினர் வலையிலிருந்து உள்வலைக்கு வேண்டுகோள் செல்லாதபடி ரௌட்டர் தடுத்துவந்தது. கம்பியைச் சொருகினோம். அக்கணமே கடவுச்சொல் கேட்டது.

மறுநாள் பன்னிருவரும் முறைவைத்துத் தட்டச்சுச் செய்தனர். ஒரு கிழமை கழித்து மின்சாரம் நின்று வந்தபின் நான்கு கணினிகளும் ஒருங்கே மௌனத்துக்கு உள்ளாயின. யாம் சென்று சேருமுன்பே மாணவர், சர்வருக்கு ரௌட்டர் 192.168.1.27 என்று புது விலாசம் கொடுத்துவிட்டதைக் கண்டுபிடித்திருந்தனர், 192.168.1.20-ஐச் சர்வரின் வலையட்டை எண்ணுக்கு ரௌட்டரில் நிலையாக ஒதுக்கி வைத்தனர்.